துருவம் சூடானால் அயனி மண்டலம் என்ன ஆகிறது? தரவை இறக்கி நீங்களே பார்க்க ஒரு வழிகாட்டி

2009 ஜனவரி கடைசி வாரத்தில் சூரியனில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. சூரியனின் 11 ஆண்டுச் செயல்பாட்டுச் சுழற்சியின் அடிமட்டக் காலம் அது. பூமியின் காந்தப்புலமும் பெரும்பாலும் அமைதியாகவே கிடந்தது. ஆனாலும் பெரு நாட்டில் லீமா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹிகமார்க்கா ரேடார் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தது. தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம், அதாவது சூரியக் கதிரால் காற்று மின்துகள்களாகப் பிரிந்திருக்கும் அடுக்கு, காலையில் வழக்கத்தைவிட வேகமாக மேலே ஏறியது. பிற்பகலில், ஏறிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், கீழே இறங்கியது. காரணத்தை மேலே தேடிப் பயனில்லை. அது கீழே இருந்தது, அதுவும் வட துருவத்தில், தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில்.

ஸ்ட்ராட்டோஸ்பியர் (தரைக்கு மேல் சுமார் 10 முதல் 50 கிலோமீட்டர் வரை உள்ள காற்றடுக்கு) திடீர் வெப்பமாதல் என்ற நிகழ்வு அயனி மண்டலம் வரைக்கும் கை நீட்டும் என்பது இன்று நன்றாக நிலைபெற்ற விஷயம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, பொதுவில் கிடைக்கும் தரவை இறக்கி நாமே வரைந்து பார்ப்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதற்கு. ஒரு கணினி, இணையம், பைத்தானோ விரிதாளோ ஏதாவது ஒன்றில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது" என்று அளவைத் தேடுவார்கள். இங்கே அளவு இரண்டாம் பட்சம். எந்த நேரத்தில் கூடியது, எந்த நேரத்தில் குறைந்தது, அந்த நேரம் அடுத்தடுத்த நாட்களில் எப்படி நகர்ந்தது, இதுதான் கைரேகை. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தக் கைரேகையை எடுப்பதற்குத்தான்.

துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்கு எப்படி வருகிறது

குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று சுற்றி வரும். இதுதான் துருவச் சுழல். மலைத்தொடர்களும் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் கீழே பெரிய பெரிய அலைகளைக் கிளப்புகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள இவற்றைக் கோள் அலைகள் என்பார்கள். சில குளிர்காலங்களில் இவை வழக்கத்தைவிடப் பலமாக மேலே ஏறி, சுழலில் மோதி உடைந்து, அதன் வேகத்தைப் பிடுங்கிவிடுகின்றன. சுழல் ஒன்று ஓரமாக நகரும், இல்லையென்றால் இரண்டாகப் பிளக்கும். துருவத்தின் மேல் காற்று கீழிறங்கி அமுங்குவதால் சூடாகிறது. சில நாட்களில் 30 முதல் 50 டிகிரி ஏறிவிடும். 2009-இல் 60 டிகிரிக்கும் மேல் ஏறியது. 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் கருவிகளின் பதிவில் இதை முதன்முதலில் கண்டார். கோள் அலைகள்தான் காரணம் என்ற விளக்கத்தை 1971-இல் தாரோ மட்சுனோ கொடுத்தார்.

சரி, அந்தக் கோள் அலைகளே நேராக அயனி மண்டலத்துக்கு ஏறிப் போகின்றனவா? இல்லை. 100 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் அவை அடங்கிவிடும். மேலே போவது வேறொன்று: வளிமண்டல ஓதங்கள்.

கடலில் ஓதம் இருப்பதுபோல் காற்றிலும் ஓதம் உண்டு. கடலில் நிலவின் ஈர்ப்பு பெரிது. காற்றில் சூரிய வெப்பம் பெரிது, நிலவின் பங்கு சாதாரண நாட்களில் சிறியது. நீராவியும் ஓசோனும் சூரிய ஒளியை உறிஞ்சுவதால் 24 மணி நேர, 12 மணி நேர அலைகள் கிளம்பி, உயரே போகப்போகக் காற்று அடர்த்தி குறைவதால் வீச்சு பெருகிக்கொண்டே போகும். துருவத்தில் வெப்பமாதல் நடக்கும்போது மூன்று விஷயங்கள் சேர்ந்து இந்த ஓதங்களை மாற்றுகின்றன. முதலாவது, கோள் அலை ஓதத்தோடு பிணைந்து புதிய அலைகளை உண்டாக்குகிறது. இரண்டாவது, துருவம் சூடாகும்போது வெப்பமண்டலத்தின் மேல் ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது, அங்கே ஓசோன் கூடுகிறது, அதனால் அரைநாள் சூரிய ஓதம் வலுக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வளிமண்டலத்துக்கென்று ஒரு இயல்பான அதிர்வுக் காலம் உண்டு. வெப்பமாதலின்போது காற்றும் வெப்பநிலையும் மாறுவதால் அந்தக் காலம் நிலவின் அரைநாள் ஓதத்துக்கு, அதாவது 12.42 மணி நேரத்துக்கு, பக்கத்தில் வந்துவிடுகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் எப்படி உயரே போகுமோ அப்படி, சாதாரணமாகச் சோம்பிக் கிடக்கும் நிலவு ஓதம் பல மடங்கு பெருகுகிறது.

இந்த ஓதக் காற்று 90 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தை அடையும்போது மின்சாரமாக மாறுகிறது. அந்த உயரத்தில் அயனிகள் காற்றோடு அடிக்கடி மோதுவதால் காற்று போகிற பக்கம் இழுபடும். எலக்ட்ரான்களோ காந்தக் கோடுகளை விட்டு நகராது. இரண்டும் பிரிவதால் மின்னோட்டமும் மின்புலமும் உண்டாகின்றன, ஒரு இயற்கை டைனமோ. பகலில் காந்த நடுக்கோட்டில் இந்த மின்புலம் கிழக்கு நோக்கி இருக்கும். அங்கே காந்தக் கோடு தரைக்கு இணையாக வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்தால் மின்துகள்கள் மேலே தள்ளப்படும். மேலே போனவை காந்தக் கோடுகளின் வழியே இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 15 டிகிரி காந்த அட்சரேகையில் இரண்டு அடர்த்தி முகடுகளைக் கட்டுகின்றன. துருவ வெப்பமாதல் ஓதத்தை மாற்றுகிறது, ஓதம் மின்புலத்தை மாற்றுகிறது, மின்புலம் இந்த நீரூற்றை மாற்றுகிறது. துருவத்தில் நடந்தது நடுக்கோட்டில்தான் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுவே.

அயனி மண்டலத்தைப் பற்றி முன்பெல்லாம் சூரியனையும் காந்தப் புயலையும் வைத்தே பேசிவந்தார்கள். கீழிருந்து வரும் பாதிப்பு சில்லறை என்ற நினைப்பு. 2008 ஜனவரி வெப்பமாதலின்போது ஹிகமார்க்காவில் மாறிய செங்குத்து நகர்வை ஹோர்ஹே சாவும் குழுவினரும் 2009-இல் காட்டினார்கள். 2009 நிகழ்வில் தாழ் அட்சரேகைகளில் எலக்ட்ரான் அளவு 50 முதல் 150 சதவீதம் வரை மாறியதை லாரிசா கோன்சரென்கோவும் குழுவினரும் 2010-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த நினைப்பு செல்லுபடியாகவில்லை.

எந்த நிகழ்வை எடுப்பது

யோசிக்கவே வேண்டாம், 2009 ஜனவரியை எடுங்கள். சூரியன் அமைதி, காந்தப்புலம் அமைதி, வெப்பமாதலோ மிகப் பெரியது. இதைவிடச் சுத்தமான பயிற்சி நிகழ்வு கிடைப்பது அரிது. அது கைக்கு வந்த பிறகு 2013 ஜனவரி, 2018 பிப்ரவரி, 2021 ஜனவரி என்று போகலாம். 2013-இல் சூரியன் சுறுசுறுப்பான காலம், ஆகவே கொஞ்சம் கஷ்டம், ஆனால் பாடம் அதிகம்.

வட அரைக்கோளத்தில் பெரிய வெப்பமாதல் பத்து ஆண்டுக்குச் சராசரியாக ஆறு முறை வருகிறது. தெற்கில் அபூர்வம். 2002 செப்டம்பரில் ஒரே ஒரு முறை பெரிதாக வந்தது, 2019 செப்டம்பரில் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்தது.

சூரியனையும் புயலையும் முதலில் கழித்துவிடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராகப் படம் வரையப் போகிறவர்கள் அதிகம். அப்படி வரையும் படத்தில் என்ன தெரிந்தாலும் நம்ப முடியாது.

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று எஃப் 10.7, அதாவது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியனிலிருந்து வரும் ரேடியோ வீச்சு. கனடாவின் பென்டிக்டனில் தினமும் அளக்கிறார்கள். அயனி மண்டலத்தை உண்டாக்கும் புற ஊதாக் கதிரின் ஏற்ற இறக்கத்தை இது ஓரளவு சொல்லிவிடும். இதில் இரண்டு வகை எண் கொடுத்திருப்பார்கள், பூமியில் அளந்தபடியே ஒன்று, சூரியத் தொலைவுக்குச் சரிசெய்தது ஒன்று. நமக்கு வேண்டியது அளந்தபடி உள்ளது, ஏனென்றால் அயனி மண்டலம் பூமியில்தான் இருக்கிறது. 2009 ஜனவரியில் இந்த எண் 70-ஐ ஒட்டி அசையாமல் நின்றதைப் பார்ப்பீர்கள். மற்ற ஆண்டுகளில் சூரியன் சுழல்வதால் 27 நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். வெப்பமாதல் விளைவும் ஒன்றிரண்டு வாரம் நீடிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு நிறைய.

இன்னொன்று கே.பி. குறியீடு, அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள ஜி.எஃப்.இசட். மையம் 1932 முதலான மூன்று மணி நேரக் கணக்கை ஒரே கோப்பாகத் தருகிறது. 0 முதல் 9 வரை போகும். 3-க்கு மேல் போன நாட்களைத் தனியாகக் குறித்துவையுங்கள், அடுத்த இரண்டு நாட்களையும் சேர்த்து. புயல் முடிந்த பிறகும் துருவப் பகுதியில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசி, பகலில் மேற்கு நோக்கிய மின்புலத்தை உண்டாக்கும். பார்ப்பதற்கு வெப்பமாதலின் பிற்பகல் இறக்கம் மாதிரியே இருக்கும். அந்தப் போலியை இங்கேயே வடிகட்டிவிட வேண்டும்.

துருவப் படத்தை வரைதல்

இது சுலபம். நாசாவின் ஓசோன் வாட்ச் தளத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது சுமார் 31 கிலோமீட்டர் உயரத்தில், துருவ வெப்பநிலையும் 60 டிகிரி வடக்கில் காற்றின் வேகமும் கிடைக்கும். நீங்களே கணக்கிட விரும்பினால் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவையில் ஈரா 5 என்ற வளிமண்டலத் தரவு இருக்கிறது, இலவசம், பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

60 டிகிரி வடக்கில் எல்லாத் தீர்க்கரேகைக்குமான சராசரிக் காற்று பூஜ்ஜியத்தைத் தாண்டி எதிர்த் திசைக்குப் போகும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனால்தான் பெரிய வெப்பமாதல். வெப்பநிலை மட்டும் ஏறி, காற்று திசை மாறாமல் இருந்தால் சிறியது. 2009-இல் அந்த நாள் ஜனவரி 24. வெப்பநிலை உச்சம் அதை ஒட்டியே வருகிறது. அயனி மண்டலத்தில் விளைவு அதே நாளில் வராது, சில நாள் தள்ளித்தான் பலப்படும். ஆகவே ஜனவரி 24-ஐ மட்டும் இறக்கி ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜனவரி 1 முதல் பிப்ரவரி 10 வரை முழுவதும் எடுங்கள்.

டி.இ.சி. கோப்பைத் திறப்பது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டி.இ.சி. என்பது செயற்கைக்கோளிலிருந்து தரை வரை ஒரு சதுர மீட்டர் தூணில் இருக்கும் மொத்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. ஒரு அலகு என்றால் 10-இன் அடுக்கு 16, அதாவது பத்தாயிரம் இலட்சம் கோடி எலக்ட்ரான்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இரண்டு அலைவரிசையில் அனுப்புகின்றன, அயனி மண்டலம் இரண்டையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்துகிறது, அந்த வித்தியாசத்திலிருந்து இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் பதிவைச் சேர்த்துத் தினசரி வரைபடங்களாக வெளியிடுகிறார்கள். அந்தக் கோப்பு வடிவத்தின் பெயர் அயோனெக்ஸ்.

நாசாவின் சி.டி.டி.ஐ.எஸ். களஞ்சியத்தில் எர்த்டேட்டா கணக்கு ஒன்றை இலவசமாகத் திறந்து இவற்றை இறக்கலாம். பல மையங்களின் வரைபடங்கள் இருக்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். பாதியில் மாற்றினால் மையத்துக்கு மையம் உள்ள கணக்கீட்டு வேறுபாடு வெப்பமாதல் விளைவு மாதிரி வேஷம் போடும். பெர்ன் பல்கலைக்கழகத்தின் கோட் மையத்து வரைபடங்களை எடுத்துக்கொள்வோம்.

கோப்பின் பெயரிலேயே ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது மூன்று இலக்கமாக இருக்கும். ஜனவரி 24 என்றால் 024. திறந்தால் வெறும் எழுத்துக் கோப்புதான். தலைப்பைத் தாண்டினால் ஒவ்வொரு வரைபடமும் 87.5 டிகிரி வடக்கில் தொடங்கி 2.5 டிகிரி இடைவெளியில் தெற்கு நோக்கி இறங்கும். ஒவ்வொரு அட்சரேகைக்கும் மேற்கு 180-இலிருந்து கிழக்கு 180 வரை 5 டிகிரி இடைவெளியில் 73 எண்கள், வரிக்கு 16 வீதம். நமக்கு வேண்டியது 75 டிகிரி மேற்கு, ஹிகமார்க்காவை ஒட்டிய தீர்க்கரேகை. அது 22-ஆவது எண். அதாவது இரண்டாம் வரியில் ஆறாவது. 253 என்று இருந்தால் அது 25.3 அலகு, ஏனென்றால் தலைப்பில் அடுக்கு மைனஸ் ஒன்று என்று போட்டிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் 253 அலகு என்று வைத்துக்கொண்டு உலக சாதனை அறிவித்துவிடக் கூடாது. 9999 என்றால் மதிப்பு இல்லை என்று பொருள்.

இன்னொரு பொறி: டி.இ.சி. வரைபடங்கள் முடிந்தவுடன் அதே கோப்பில் அதே வடிவத்தில் பிழை வரைபடங்கள் தொடரும். நிரல் எழுதும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால் அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

எந்த அட்சரேகை? 12.5 டிகிரி தெற்கு என்றால் ஹிகமார்க்காவுக்கு மேல், காந்த நடுக்கோட்டின் மீதே. ஆனால் நடுக்கோட்டில் மட்டும் பார்த்தால் குழப்பமாக இருக்கும். மேல்நோக்கிய நகர்வு பலமானால் அங்கிருந்து மின்துகள்கள் இரண்டு பக்கமும் வெளியேறிவிடுகின்றன, அல்லவா? ஆகவே முகடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தீர்க்கரேகையில் தெற்கு முகடு ஏறக்குறைய 27.5 டிகிரி தெற்கிலும், வடக்கு முகடு 2.5 டிகிரி வடக்கை ஒட்டியும் வரும். நிலையங்கள் நிலத்தில்தான் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். நடுக்கடலில் காட்டும் எண் பெரும்பாலும் சுற்றுப்புறத்தை வைத்து நிரப்பிய எண். இந்தத் தீர்க்கரேகையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கீழே தென் அமெரிக்கா இருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோப்பில் இருப்பது உலக நேரம். 75 டிகிரி மேற்கில் உள்ளூர் நேரம் அதிலிருந்து சரியாக 5 மணி நேரம் குறைவு. 2009-ஆம் ஆண்டு கோட் கோப்புகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரைபடம் தருகின்றன. எனவே உள்ளூர் நேரம் காலை 9, 11, பிற்பகல் 3, 5 என்றுதான் கிடைக்கும். தொடக்கத்துக்கு அதுவே போதும். நடுவிலுள்ள நேரத்துக்கு மதிப்பு வேண்டும் என்று இரண்டு வரைபடங்களை அப்படியே சராசரி எடுக்காதீர்கள். அயனி மண்டலம் சூரியனோடு சேர்ந்து மேற்கே நகர்கிறது. அதற்கேற்ப இரண்டையும் சுழற்றிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

எதோடு ஒப்பிடுவது

வித்தியாசம் பார்க்க ஒரு வழக்கமான நாள் வேண்டும். ஒரே ஒரு நாளை எடுத்து "இது வழக்கம்" என்று வைத்துக்கொள்வது தவறு. எல்லாம் அமைதியாக இருக்கும்போதே அயனி மண்டலம் பகலில் நாளுக்கு நாள் சுமார் 20 சதவீதம் மாறும். அது அதன் குணம். ஜனவரி முதல் பத்து நாட்களை எடுத்து, ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகச் சராசரி போடுங்கள். காலை 9 மணிக்கு ஒரு சராசரி, 11 மணிக்கு ஒன்று, இப்படி. புயல் நாள் என்று குறித்தவை இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதே நேரத்தின் சராசரியைக் கழியுங்கள்.

கைரேகை

இப்போது படம். கிடையாக உள்ளூர் நேரம், நெட்டாகத் தேதி, வித்தியாசத்துக்கு நிறம். கூடுதல் சிவப்பு, குறைவு நீலம்.

ஜனவரி 20 வரை சிவப்பும் நீலமும் ஒழுங்கில்லாமல் தெளித்ததுபோல் இருக்கும். அப்புறம் ஒரு ஒழுங்கு வரும். ஜனவரி 27-ஐ உற்றுப் பாருங்கள். காலையில் சிவப்பு, பிற்பகலில் நீலம். காலையில் மேல்நோக்கிய நகர்வு பலமாக இருந்ததால் முகடுகள் சீக்கிரமே நிரம்பின, பிற்பகலில் நகர்வு தலைகீழானதால் நீரூற்று அடங்கிப்போனது. அன்று காலைக்கும் பிற்பகலுக்கும் இருந்த வேறுபாட்டைத்தான் கோன்சரென்கோ குழுவும் எடுத்துக்காட்டியது.

ஆனால் ஒரு நாளோடு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த வரிகளில் கண்ணை ஓட்டுங்கள். சிவப்புப் பட்டை நாளுக்கு நாள் வலது பக்கம் சரிய வேண்டும். காலை 10 மணியை ஒட்டி இருந்த ஏற்றம் ஐந்தாறு நாளில் பிற்பகலுக்கு நகர்ந்திருக்கும். நிலவின் அரைநாள் ஓதம் 12.42 மணி நேரம், இரண்டு சுற்று 24.84 மணி நேரம். ஆகவே சூரியக் கடிகாரத்தில் அது தினமும் சுமார் 50 நிமிடம் பின்தங்கும். காந்தப் புயலோ சூரியக் கதிரின் ஏற்றமோ இப்படி நாள்தோறும் ஒழுங்காகத் தள்ளிப் போகாது. சாய்ந்த பட்டை கிடைத்துவிட்டால் சந்தேகத்தில் பாதி தீர்ந்தது.

நிலவின் நிலையையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். 2009 ஜனவரி 26 அமாவாசை, அன்று கங்கண சூரிய கிரகணமும் நடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் காலை ஏற்றம், பிற்பகல் இறக்கம் என்ற வடிவம் சூரிய நேரத்தோடு சரியாகப் பொருந்துகிறது. கிரகணமும் அயனி மண்டலத்தைப் பாதிக்குமே என்று கேட்கலாம். பாதிக்கும், நிழல் விழுந்த பகுதியில் சில மணி நேரம். அது விழுந்தது இந்தியப் பெருங்கடல், இந்தோனேசியா பக்கம். பெருவில் அப்போது இரவு.

காந்தமானியை வைத்து ஒரு குறுக்கு விசாரணை

டி.இ.சி. விளைவைக் காட்டுகிறது. காரணமான மின்புலத்தை ரேடார் இல்லாமல் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. பகலில் காந்த நடுக்கோட்டுக்கு மேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஒடுங்கிப் பாய்கிறது. எலக்ட்ரோஜெட் என்று 1951-இல் சிட்னி சாப்மன் பெயர் வைத்தார். அது தரையிலுள்ள காந்தமானியில் கிடைக்கூறை, அதாவது காந்தப்புலத்தில் தரைக்கு இணையான பகுதியை, கூட்டும்.

நடுக்கோட்டில் ஒரு நிலையம், சில டிகிரி தள்ளி ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் இன்னொன்று. இரண்டிலும் நள்ளிரவு அளவைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். தொலைவிலுள்ள மின்னோட்டங்கள் இரண்டு நிலையத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே பதிவாவதால் கழிந்துபோகும், எலக்ட்ரோஜெட் மட்டும் மிஞ்சும். தென் அமெரிக்காவில் ஹிகமார்க்காவும் பியூராவும், இந்தியத் தீர்க்கரேகையில் திருநெல்வேலியும் அலிபாக்கும் இதற்கு வழக்கமான ஜோடிகள்.

வழக்கமான நாளில் மிச்சம் நண்பகலை ஒட்டி ஒரே மேடாக இருக்கும். வெப்பமாதல் நாட்களில் மேடு காலைக்கு நகர்ந்து உயர்ந்து, பிற்பகலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அப்படிப் போனால் மின்னோட்டம் திசை மாறி மேற்கு நோக்கிப் பாய்கிறது, எதிர் எலக்ட்ரோஜெட். டி.இ.சி. படத்தில் நீலம் தெரிந்த அதே நாட்களில் இதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். எதிர் எலக்ட்ரோஜெட் வெப்பமாதல் இல்லாத நாட்களிலும் வரும், ஆகவே தனித்து வந்த ஒரு நாளை ஆதாரமாகக் கொள்ள முடியாது. நாட்கள் வரிசையாக வந்து, நேரமும் தள்ளிப்போக வேண்டும்.

வேறு இடங்களில் வேறு முகம்

நடு அட்சரேகையில் இதே வடிவத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே விளைவு சிறியது, வேறு மாதிரியானது. அமெரிக்காவின் மில்ஸ்டோன் ஹில் ரேடார் 2008 ஜனவரியில் 150 கிலோமீட்டருக்கு மேல் அயனிகள் குளிர்ந்ததையும், அதற்குக் கீழே ஒரு அடுக்கு சூடானதையும் கண்டது. டி.இ.சி. வரைபடத்தில் அது பிடிபடாது.

2019 செப்டம்பர் தென் துருவ நிகழ்வில் முன்னே நின்றது நிலவு ஓதம் அல்ல. ஏறக்குறைய ஆறு நாளுக்கு ஒருமுறை வரும் அலை பெருத்து, நடுக்கோட்டு மின்னோட்டமும் எலக்ட்ரான் அடர்த்தியும் ஆறு நாள் தாளத்தில் ஏறி இறங்கின. அதை எடுத்தால் சாய்ந்த பட்டையைத் தேடாமல், ஒரே நேரத்து மதிப்பை நாள்வாரியாக வரைந்து ஆறு நாள் மேடு பள்ளத்தைத் தேடுங்கள்.

2013 போன்ற சுறுசுறுப்பான ஆண்டுகளில் பத்து நாள் சராசரி போதாது. எஃப் 10.7 மாறும்போது டி.இ.சி.யும் மாறும் என்பதால், இரண்டுக்கும் உள்ள உறவை முதலில் ஒரு நேர்கோடாகப் பொருத்தி, அதைக் கழித்த பிறகே மிச்சத்தை வரைய வேண்டும்.

யாருக்கு இதனால் என்ன

ஒற்றை அலைவரிசை ஜி.பி.எஸ். வாங்கியில் டி.இ.சி. ஒரு அலகு கூடினால் தூரக் கணக்கு சுமார் 16 சென்டிமீட்டர் தவறும். பத்து அலகு மாறினால் 1.6 மீட்டர். கைப்பேசியில் வழி பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. நில அளவைக்காரருக்கும், ஒற்றை அலைவரிசையில் துல்லியம் எதிர்பார்ப்பவருக்கும் பொருட்டு, அதுவும் முகடுகளுக்குக் கீழே வேலை செய்பவருக்கு. அவர்கள் கே.பி. குறியீட்டைப் பார்த்து "இன்று அமைதி" என்று முடிவு செய்திருப்பார்கள். வாங்கியில் உள்ள திருத்த மாதிரியும் வழக்கமான நாளைத்தான் எதிர்பார்க்கும். சிற்றலை அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கும் இதே கதை. தாழ் அட்சரேகைப் பாதையில் வழக்கமாகப் பிற்பகலில் திறந்திருக்கும் அலைவரிசை, சூரியனில் ஒன்றுமே நடக்காமல் சில நாள் மங்கிப்போகலாம்.

ஆனால் புயலைவிட இது ஒரு விதத்தில் வசதியானது. சூரிய வெடிப்பின் மேகம் பூமியை வந்தடைய ஒன்று முதல் மூன்று நாள்தான் அவகாசம். துருவச் சுழல் உடையப் போவதை வானிலை மாதிரிகள் பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் அதற்கும் முன்பே சொல்லிவிடுகின்றன. அதன் மேல் அயனி மண்டல விளைவு இன்னும் சில நாள் தாமதம்.

எனவே அடுத்த வெப்பமாதலை நேரடியாகப் பிடிக்க நினைத்தால், நவம்பர் முதல் மார்ச் வரை 60 டிகிரி வடக்கு, 10 ஹெக்டோபாஸ்கல் காற்றின் முன்னறிவிப்பை வாரம் ஒரு முறை பாருங்கள். கோடு பூஜ்ஜியத்தை நோக்கிச் சரியத் தொடங்கினால் அன்றிலிருந்தே டி.இ.சி. கோப்புகளைத் தினமும் இறக்கிச் சேமியுங்கள், முந்தைய பத்து நாட்களையும் சேர்த்து. காற்று திசை மாறும் நாளுக்குப் பின் வரும் முதல் அமாவாசை அல்லது பௌர்ணமி எப்போது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து வட்டமிட்டுவிடுங்கள். பட்டை தெளிவாகத் தெரிய அதிக வாய்ப்புள்ள நாட்கள் அதைச் சுற்றித்தான் இருக்கும்.